லினக்ஸில் கலப்படம் வேண்டாம்!

பழைய கணிப்பொறியைத் தூக்கி எறிய மனமின்றி, அதில் லினக்ஸைப் போட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காசு செலவில்லை, வேகமும் பரவாயில்லை. ஆனால் லினக்ஸ் என்பது ஒரே சரக்கு அல்ல. டெபியன், உபுண்டு, ஃபெடோரா எனப் பல வழங்கல்கள் உள்ளன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. ஒன்றுக்கான மென்பொருளை மற்றொன்றில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை இங்கே பார்ப்போம்.

லினக்ஸில் மென்பொருள்கள் ‘பொதி’களாக வருகின்றன. 1993இல் தொடங்கிய டெபியனின் பொதிகள் ‘டெப்’ வகை. ரெட் ஹேட் 1995இல் கொண்டுவந்தது ‘ஆர்.பி.எம்.’ வகை. ஒவ்வொரு வழங்கலிலும் பொதிகளை நிர்வகிக்க ஒரு நிரல் உண்டு. அதைக் கணக்குப்பிள்ளை என்றே சொல்லலாம். எந்தப் பொதி வந்தது, எத்தனையாவது பதிப்பு, எது எதை நம்பியிருக்கிறது என்று பேரேட்டில் எழுதி வைப்பது அதன் வேலை. ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனியே கணக்கு எழுதினால் குழப்பந்தானே மிஞ்சும்?

முதல் குழப்பம் பெயரில். ஒரே அப்பாச்சி சர்வரை டெபியன் ‘அப்பாச்சி2’ என்கிறது, ஃபெடோரா ‘எச்.டி.டி.பி.டி.’ என்கிறது. ஒன்றின் பேரேட்டில் உள்ள பெயர் மற்றொன்றுக்குப் புரியாது. ஆர்.பி.எம்.மை டெப் ஆக மாற்ற ‘ஏலியன்’ என்ற கருவி இருக்கிறது. முக்கியமான அமைப்புப் பொதிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

“உபுண்டுவும் டெபியனும் டெப் வகைதானே?” என்று கேட்கலாம். ஆபத்து அங்கேதான் அதிகம். ஏறக்குறைய எல்லா நிரல்களும் ‘ஜிலிப்சி’ என்ற அடிப்படை நூலகத்தை நம்பியிருக்கின்றன. டெபியன் 12இல் இருப்பது 2.36 பதிப்பு, உபுண்டு 24.04இல் இருப்பது 2.39. ஒரே ஒரு மென்பொருளுக்காக டெபியனில் உபுண்டுவின் களஞ்சியத்தைச் சேர்த்தால், அது புதிய ஜிலிப்சியையும், அதைத் தொடர்ந்து வேறு பலவற்றையும் இழுத்து வரலாம். பாதி டெபியன், பாதி உபுண்டு ஆகிவிடும். இதற்கு ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று டெபியன்காரர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்புவதும் எளிதல்ல.

விளைவு உடனே தெரியாமலும் போகலாம். சில வாரங்கள் கழித்துப் பொதிகளுக்குள் முரண்பாடு ஏற்பட்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும். அல்லது தேர்வுக்கு முந்தின இரவு கணிப்பொறி திறக்க மறுக்கும். அப்போதும் நம் கோப்புகள் பெரும்பாலும் வட்டில் பத்திரமாகவே இருக்கும். பதற்றத்தில் வட்டை அழித்து மறுபடி லினக்ஸ் போடும்போதுதான் பொங்கல் விழாப் படங்களும் ஊரிலுள்ள தாத்தாவின் குரல் பதிவும் தொலைகின்றன. யு.எஸ்.பி.யிலிருந்து லினக்ஸை இயக்கி, முதலில் அவற்றைப் பிரதி எடுங்கள். பழுதுபார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வருமுன் காக்கச் சில யோசனைகள்:

1. வேண்டிய மென்பொருளை முதலில் உங்கள் வழங்கலின் சொந்தக் களஞ்சியத்தில் தேடுங்கள்.

2. புதிய பதிப்பு தேவையானால், டெபியன்காரர்கள் ‘பேக்போர்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள்.

3. அங்கும் இல்லையெனில் ‘ஃபிளாட்பேக்’ வகையை நாடலாம். அது தனக்கு வேண்டிய நூலகங்களை அடிப்படை அமைப்போடு கலக்காமல் தனியே வைத்துக்கொள்ளும்.

4. ‘சரி’ என்று அழுத்துமுன் பட்டியலைப் படியுங்கள். நீக்கப்படும் பொதிகள் என்று நீளமாக வந்தால் நிறுத்திவிடுங்கள்.

5. பொதி ஏற மறுத்தால் வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். அந்த மறுப்பு நம்மைக் காக்கவே.