வில்லையும் அமர்வும்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெற்று வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருவர், பல்லாவரம் தொடர்வண்டி நிலையத்தின் அருகே ஒரு கணினி மையத்தில் அமர்ந்து தம் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவுசெய்கிறார் எனக் கொள்வோம். கடவுச்சொல்லை அவர் தருவது ஒருமுறைதான். எனினும், அடுத்தடுத்த பக்கங்களிலும் தளம் அவரை அடையாளம் கண்டுகொள்கிறது. இஃது எவ்வாறு இயலுகிறது?

உலாவிக்கும் சேவையகத்திற்கும் இடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ஹெச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதியதே. இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மான்டுல்லி 1994ஆம் ஆண்டில் ‘குக்கீ’ என்னும் சிறுகுறிப்பை உருவாக்கினார்.

கோயில் வாயிலில் காலணிகளை ஒப்படைப்போர் எண் பொறித்த வில்லை ஒன்றைப் பெறுவர். காலணி காப்பகத்தில் இருக்கும். கையில் இருப்பது எண் மட்டுமே. இணையத்தில் பெரிதும் பின்பற்றப்படும் முறையும் இதுவே. கடவுச்சொல் சரியென உறுதியானதும், சேவையகம் ‘அமர்வு’ ஒன்றைத் தொடங்குகிறது. எவராலும் ஊகிக்க இயலாத நீண்ட அடையாள எண்ணைக் குக்கீ வழியாக உலாவிக்கு அளிக்கிறது. பயனரின் விவரங்கள் சேவையகத்திலேயே தங்கும். ஒவ்வொரு வேண்டுகோளுடனும் உலாவி அவ்வெண்ணைத் தானே காட்டும்.

வில்லையைக் காட்டுபவர் எவராயினும் காலணியைப் பெற்றுவிடலாம் அன்றோ? அமர்வு எண்ணும் அத்தகையதே. மாணவி சாளரத்தை மட்டும் மூடிவிட்டு எழுந்து சென்றால், அமர்வு முடிந்துவிட்டது என உறுதியாகக் கூற இயலாது. தளத்தில் வேறு தடை இல்லையெனில், அடுத்து அமர்பவர் கடவுச்சொல்லை அறியாமலேயே அவருடைய பட்டியலைக் காணவும் மாற்றவும் கூடும். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயன் ஒரு நொடிக் கவனக்குறைவால் சிதையலாம். ‘வெளியேறு’ என்னும் பொத்தானை அழுத்தினால், முறையாக அமைக்கப்பட்ட தளம் அவ்வெண்ணை உடனே செல்லாததாக்கிவிடும்.

பொறுப்பு பயனருக்கு மட்டும் உரியதன்று. உள்நுழைவின்போது புதிய எண் வழங்குதல், அதனை மறையாக்கம் செய்து அனுப்புதல், நெடுநேரம் செயலின்றி இருக்கும் அமர்வை முடித்தல், முதன்மையான மாற்றங்களுக்குமுன் கடவுச்சொல்லை மீண்டும் கேட்டல் ஆகியன தளம் அமைப்போரின் கடமைகள். தனிநபர் தரவுகளைக் கையாள்வோர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தல் வேண்டும் என இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வலியுறுத்துகிறது.

வீட்டைப் பூட்டிச் செல்வதைப் பிறர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பொதுக்கணினியை விட்டு எழும்போது வெளியேறிச் செல்வதும் அத்தகைய இயல்பான பழக்கமாதல் வேண்டும்.