பிளாஸ்மா காற்றுக் கருவி: வாங்கும் முன் கேளுங்கள்

1998 கடைசியில் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக்கில் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலில் விழுந்தபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அதிகாரிகள் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் படுத்தார்கள். குரைப்பது போல் உரக்க இருமிய பன்றிகளின் சளியிலும் சிறுநீரிலும்தான் கிருமி இருந்தது. அந்தப் பன்றிகளோடு புழங்கிய தொழிலாளர்களில் தமிழர்களும் உண்டு. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் அந்தப் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்; சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு நிலைத்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 சாவு. நோய் வரும் வழி தெரியாமல் செய்த செலவு எதற்கும் உதவவில்லை.

கோவிட்டுக்குப் பிறகு ஏர்கோன் குழாய்க்குள் பொருத்தும் பிளாஸ்மா கருவிகளை வாங்குகிறவர்களும் முதலில் இந்த வழியைத்தான் விசாரிக்க வேண்டும். நிப்பா போலத் தொட்டுப் புழங்கிப் பரவும் நோயைக் குழாய்க்குள் இருக்கும் கருவி தடுக்காது. காற்றில் மிதக்கும் கிருமிக்கும் அது எவ்வளவு உதவும் என்பது கேள்விதான். கருவியின் உயர் மின்னழுத்தம் காற்றை அயனிகளாக உடைக்கிறது. அவை கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன. இது உண்மை. ஆனால் '99.9 சதவீதம்' என்ற விளம்பரக் கணக்கு பெரும்பாலும் மூடிய சிறு பெட்டியில், நெடுநேரம் வைத்துப் பார்த்தது. குழாயில் ஓடும் காற்றோ கருவியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். ஆய்வகத்துக்கு வெளியே இதற்குச் சான்று குறைவு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்லியிருக்கிறது.

சில கருவிகள் ஓசோனையும் கக்கும். மின்னல் அடித்த பிறகு வருமே, அந்தக் காரவாடை அறையில் வீசினால் 'சுத்தமான காற்றின் வாசம்' என்று விற்பனையாளர் சொல்வதை நம்பாதீர்கள். ஓசோன் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சை இறுக்கும். கட்டடங்களின் உட்புறக் காற்றுக்கான மலேசியாவின் 2010 நடைமுறைக் கோவை ஓசோனுக்கு வைத்த வரம்பு, பத்து லட்சத்தில் 0.05 பங்கு. அறையில் பொருத்திய பின் ஓசோனை அளந்த அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஹெப்பா வடிகட்டி வாங்கலாம், அடைத்த சன்னலைத் திறக்கலாம். என் கணக்கில் இதுவே லாபம்.

வேலையிடத்தில் கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால் முதலாளியிடம் சொல்லுங்கள், அசையாவிட்டால் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதார இலாகாவில் புகார் கொடுங்கள். புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவதை 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்கு வாங்கிய கருவி சொன்னபடி இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதோடு, விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய '99.9 சதவீத' விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.