தேயிலையைச் சோதித்து வாங்குதலும் தேநீர் ஊற்றுதலும்

விதைநெல் வாங்கச் செல்லும் கமக்காரர் எவரும் சாக்கின் வெளித்தோற்றத்தைக் கண்டு பணங் கொடுப்பதில்லை. ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்க்கிறார், பதரை ஊதுகிறார், ஒரு மணியைப் பல்லிற் கடித்து ஈரம் அறிகிறார். ஐயம் உண்டாயின் நூறு மணிகளை ஈரச்சாக்கில் முளைக்க வைத்து எண்ணுகிறார். அதே கமக்காரர், நாள்தோறும் நான்கைந்து முறை தம் வீட்டார் அருந்தும் தேநீருக்குத் தேயிலை வாங்கும்போது மட்டும் கடைக்காரரின் சொல்லையும் பொதியின் படத்தையும் நம்பிவிடுகிறார். தேயிலையும் ஒரு பயிரின் விளைவே. அதனையும் சோதித்தே வாங்கலாம். அதற்கு ஒரு தராசும், கொதிநீரும், மணிக்கூடும், நம் நாவும் போதும்.

கறுப்பு நிறம் தரமாகாது

வலிகாமத்தில் ஒரு வெங்காயத் தோட்டத்தைப் பார்வையிடச் சென்றிருந்தபோது தோட்டக்காரர் எனக்குத் தேநீர் தந்தார். அது மையைப் போலக் கறுத்திருந்தது. “ஐயா, இது நல்ல தேயிலை. ஒரு சிட்டிகை போட்டாலே கறுத்துவிடும்” என்று அவர் பெருமையுடன் கூறினார். வாயில் வைத்தபோது நிறம் இருந்ததேயன்றி மணமும் இல்லை, சுவையும் இல்லை.

வெள்ளைக் கடதாசி ஒன்றை நீரில் நனைத்து, அவ்வீட்டுத் தேயிலையிற் சிறிது அதன்மேல் தூவினோம். தூவிய உடனேயே செம்மஞ்சள் நிறம் கோடுகோடாக ஓடிப் பரவியது. நல்ல தேயிலையும் ஈரக் கடதாசியில் மங்கலான கறையை விடும். ஆயினும் அது மெதுவாகவே ஊறும். குளிர்ந்த நீரிலிட்டாலும் அவ்வாறே. இட்ட மாத்திரத்தில் நிறம் ஓடுமாயின் அத்தேயிலைக்குச் சாயமூட்டப்பட்டுள்ளதெனச் சந்தேகிக்க இடமுண்டு. அத்தகைய தேயிலையை உபயோகியாது, பொதியுடன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படையுங்கள்.

அக்குடும்பம் பல மாதங்களாக அத்தேயிலையையே குடித்து வந்தது. சிறுவர்களும் அதையே குடித்தனர். கறுப்பே தரம் என்ற எண்ணந்தான் அவர்களை ஏமாற்றியது. ஆகையால் தேயிலையின் நிறம் எதனால் வேறுபடுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மலைக்கு மலை வேறுபாடு

நம் நாட்டில் வர்த்தகத்துக்காகத் தேயிலை முதன்முதல் பயிரிடப்பட்டது 1867ஆம் ஆண்டிலாகும். கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கரில் அதனை நாட்டினார். 1869இல் கோப்பிச் செடிகளில் தோன்றிய இலைத்துரு நோய் பின்னர் கோப்பிச் செய்கையையே அழித்தது. கோப்பி நின்ற நிலத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தமிழகத்திலிருந்து வந்து அம்மலைகளிற் குடியேறிய தொழிலாளரின் உழைப்பினாலேயே இச்செய்கை வளர்ந்தது. இன்றும் நல்ல தேயிலைக்கு அடிப்படை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கையாற் கொய்வதேயாகும்.

கொய்த கொழுந்தைத் தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி நசுக்கி, காற்றுப் படவிட்டுச் செந்நிறமாக்கி, பின் வெப்பக் காற்றில் உலர்த்துகின்றனர். முறை ஒன்றாயினும் விளைந்த இடத்துக்கேற்பக் குணம் மாறும். 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நாட்டுத் தேயிலை. 2,000 அடிக்குக் கீழ் விளைவது தாழ்நாட்டுத் தேயிலை. இடையிலுள்ளது இடைநாட்டுத் தேயிலை. நுவரெலியாத் தேயிலை வெளிறிய பொன்னிறமும் மென்மையான மணமும் உடையது. ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புளைத் தேயிலை தெளிவான சுவை தரும். றுகுணை, சபரகமுவப் பகுதிகளின் தாழ்நாட்டுத் தேயிலை கருஞ்சிவப்பாய்த் திடமாக இருக்கும்.

பருவமும் குணத்தை மாற்றும். மட்டக்களப்பு வயல்களைச் சுட்டெரிக்கும் கச்சான் காற்றை அங்குள்ள கமக்காரர் நன்கறிவர். ஆடி ஆவணி மாதங்களில் மலையைக் கடந்து வறண்டு வீசும் அக்காற்றே பதுளை, பண்டாரவளை முதலிய ஊவாப் பகுதிகளின் கொழுந்துக்கு அதன் பெயர்பெற்ற மணத்தைக் கொடுக்கின்றது. திம்புளைக்கும் நுவரெலியாவுக்கும் தை முதல் பங்குனி வரையான வறண்ட குளிர்காலமே நற்பருவம்.

எனவே, வெளிறிய தேநீர் தரங் குறைந்ததென்றோ கறுத்த தேநீர் தரம் மிக்கதென்றோ கருதுதல் தவறு. பாலுடன் குடிப்போருக்குத் தாழ்நாட்டுத் தேயிலை பொருந்தும். வெறுந்தேநீராகப் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்போருக்கு உயர்நாட்டுத் தேயிலையின் மணம் நன்கு புலப்படும்.

பொதியிலுள்ள எழுத்துக்கள்

பொதிகளில் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என எழுதப்பட்டிருக்கும். இவை இலையின் அளவைக் குறிப்பனவேயன்றித் தரத்தைக் குறிப்பனவல்ல. ஓ.பி. என்பது நீண்ட முழு இலை, பி.ஓ.பி. என்பது உடைந்த இலை, பி.ஓ.பி.எஃப். அதனினும் சிறியது, டஸ்ட் என்பது தூள். முழு அரிசியிலும் குறுணல் விரைவில் வேகுமன்றோ? அவ்வாறே சிறிய இலை விரைவிற் சாயம் விடும்; பெரிய இலைக்குக் கூடிய நேரம் வேண்டும். நல்ல நெல்லின் குறுணல் நன்றாகவே இருக்கும். கெட்ட நெல்லின் முழு அரிசியும் கெட்டதே. தேயிலையும் அப்படியே.

வீட்டிற் சோதிக்கும் முறை

தேயிலை சுவைப்போர் பின்பற்றும் சர்வதேச நியமம் ஒன்றுண்டு. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறும் நேரம் 6 நிமிடம். இதனை வீட்டிற் பின்வருமாறு செய்யலாம்.

முதலாவதாக, வெவ்வேறு மூன்று தேயிலைகளில் 20 கிராம் வீதம் கடையில் நிறுத்து வாங்குங்கள். ஒவ்வொன்றையும் கடதாசியிற் பரப்பிப் பாதியாக்குங்கள், பாதியை மீண்டும் பாதியாக்குங்கள், அதனையும் பாதியாக்குங்கள். எட்டுச் சம பங்குகள் கிடைக்கும். ஒரு பங்கு 2.5 கிராம். கரண்டியால் அளத்தலாகாது, பெரிய இலை கரண்டியை நிரப்பினும் நிறையிற் குறைந்திருக்கும்.

இரண்டாவதாக, ஒரே அளவான நான்கு வெள்ளைக் கோப்பைகளை எடுங்கள். அரை லீற்றர் போத்தல் நிறைந்த பச்சைத்தண்ணீரை நான்கு கோப்பைகளிலும் சமமாகப் பகிர்ந்து, நீர் நிற்கும் மட்டத்தை அவதானித்துக்கொண்டு கொட்டிவிடுங்கள். அம்மட்டமே 125 மில்லிலீற்றர்.

மூன்றாவதாக, மூன்று கோப்பைகளில் மூன்று தேயிலைகளையும் இடுங்கள். நான்காவதில் அம்மூன்றில் ஒன்றையே மீண்டும் இடுங்கள். எது எதிலுள்ளதென்பதைக் கோப்பையின் அடியிற் குறித்து வையுங்கள். சுவைப்பவர் அதனை அறிதலாகாது. ஒரே தேயிலையுள்ள இரு கோப்பைகளுக்கும் அவர் ஒரே தீர்ப்பைக் கூறுவாராயின் அவர் நாவை நம்பலாம். பயிர்ப் பரீட்சைகளில் ஒரே இனத்தை இரண்டு பாத்திகளில் நட்டுப் பார்ப்பதும் இக்காரணத்துக்காகவே.

நான்காவதாக, நீர் குமுறிக் கொதித்தவுடன் குறித்த மட்டம் வரை ஊற்றி மூடுங்கள். 6 நிமிடத்தின் பின் வேறு கோப்பைகளில் வடித்து, ஈர இலையைத் தட்டிற் பரப்பி வையுங்கள். ஈர இலை செப்புக்காசைப் போல ஒளிர்தல் நன்று. மங்கிக் கறுத்திருத்தல் நன்றன்று. புகை நாற்றம், பூஞ்சண நாற்றம் உண்டா என்று முகருங்கள்.

ஐந்தாவதாக, சீனியும் பாலும் சேர்க்காது, ஆறிச் சூடு தணிந்தபின் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமுண்டாக உறிஞ்சுங்கள். காற்றும் தேநீரும் ஒருங்கே செல்லும்போதே மணம் மூக்கை எட்டும். நாவின் மேற் சிறிது வைத்திருந்து துப்பிவிடுங்கள். நல்ல துவர்ப்பு நாவைச் சுறுக்கெனத் தொட்டு நீங்கும். தரங்குறைந்த தேயிலையின் கசப்பு தொண்டையிலே தங்கும். விலையை இறுதியிலேயே பாருங்கள்.

தண்ணீரும் ஒரு பாதி

மேற்சொன்ன தோட்டக்காரரின் வீட்டில் மறுவாரம் இச்சோதனையைச் செய்தோம். வீட்டார் ஐவரும் சுவைத்தனர். மூன்று தேயிலைகளுள் விலை கூடியது கூடச் சப்பென்றே இருந்தது. தேநீரின் மேல் மெல்லிய ஆடையொன்று படர்ந்து கோப்பையின் ஓரத்தில் ஒட்டியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் அமைந்தவை. அந்நீரிலுள்ள சுண்ணாம்பு தேயிலையின் சத்துடன் கூடி நிறத்தை மங்கச் செய்து, ஆடையாகவும் மிதக்கும்.

வீட்டில் மழைநீர் சேர்த்திருந்தனர். அதைக் கொதிக்க வைத்து அதே தேயிலைகளை மீண்டும் ஊற்றினோம். ஆடை படரவில்லை. நிறம் தெளிந்தது, மணமும் எழுந்தது. நடுத்தர விலையுடைய தேயிலையே ஐவருள் நால்வருக்குப் பிடித்தது. “தேயிலையை மாற்றவில்லையே, தண்ணீரைத்தானே மாற்றினீர்கள்” என்று வீட்டுப் பாட்டியார் வியந்தார். கிணற்று நீரைக் குற்றஞ் சொல்லாது, அதுவரை தேயிலைக்கே கூடிய விலை கொடுத்து வந்தனர்.

மழைநீர் இல்லாதோர் கிணற்று நீரைச் சில நிமிடம் கொதிக்க வைத்து அடையவிட்டு, தெளிந்த நீரை வடித்தெடுத்து மீண்டும் கொதிக்கச் செய்து உபயோகிக்கலாம். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவது நீரிலிருந்து நீங்கிய சுண்ணாம்பே. வெறுந்தேநீரிற் சில துளி தேசிக்காய்ச்சாறு சேர்ப்பினும் ஆடை படராது. கொதிக்க வைத்தல் கிருமிகளை அழிக்குமாயினும், அளவுக்கு மிஞ்சி இட்ட உரத்தினாற் கிணற்றிற் சேரும் நைத்திரேற்றை நீக்காது என்பதைத் தோட்டக்காரர் மறத்தலாகாது.

நாளாந்தம் தேநீர் ஊற்றுதல்

சோதனைக்கு 6 நிமிடம் வேண்டும். குடிப்பதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. டஸ்டுக்கு 2 நிமிடமும், பி.ஓ.பி.க்கு 3 முதல் 4 நிமிடமும், முழு இலைக்கு 5 நிமிடமும் போதும். தேயிலையைக் கேத்தலிலே போட்டுக் கொதிக்க வைத்தலும், ஒருமுறை ஊற்றிய சக்கையை மீண்டும் மீண்டும் காய்ச்சுதலும் கசப்பையே கூட்டும். கசப்பை மறைக்கச் சீனி கூடும். சீனியால் செலவும் நோயும் கூடும். பால்மா தட்டுப்பாடான 2022ஆம் ஆண்டில் பல வீடுகள் வெறுந்தேநீருக்கு மாறின. வெறுந்தேநீரில் தேயிலையின் குற்றத்தைப் பால் மறைக்காது. ஆதலால் முறையாக ஊற்றுதல் அங்கு மேலும் அவசியம். பச்சைத் தேயிலைக்குக் குமுறும் நீர் ஆகாது. கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, 2 அல்லது 3 நிமிடத்தில் வடித்துவிடுக.

சேமித்தலும் எச்சரிக்கையும்

நன்கு உலர்ந்த தேயிலை ஈரத்தையும் மணத்தையும் விரைவில் உறிஞ்சும். வெங்காயம், செத்தல் மிளகாய், கருவாடு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகில் வைத்தால் அவற்றின் நாற்றம் தேநீரிலும் வரும். பூச்சிநாசினியும் உரமும் உள்ள அறையில் தேயிலையை மட்டுமன்று, எவ்வுணவையும் வைத்தல் ஆபத்தானது. இறுக மூடும் தகரப்பேணியிலிட்டு, அடுப்பின் ஆவி படாத இடத்தில் வையுங்கள். ஒரு மாதத்துக்குப் போதியதையே வாங்குங்கள்.

இன்னுமொன்று. தேநீரின் துவர்ப்புச் சத்து, கீரை, பயறு, குரக்கன் ஆகிய உணவுகளிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாது தடுக்கும். சோற்றுடன் சேர்த்துத் தேநீர் குடித்தலைத் தவிருங்கள். உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது செல்லட்டும். கருவுற்ற தாய்மாரும் சிறுவரும் இதனைக் கட்டாயம் கடைப்பிடித்தல் வேண்டும். சோகையினால் வருந்தும் வீட்டில், தோட்டத்துக் கீரையின் பயனைத் தேநீர்க் கோப்பை கவர்ந்துகொள்ள இடமளித்தலாகாது.

எஞ்சிய சக்கையை எறியாது கூட்டெருக் குழியில் இடுங்கள். அடுத்த முறை தேயிலை வாங்கச் செல்லும்போது ஒரு வகையை மட்டும் வாங்காது, மூன்று வகைகளில் 20 கிராம் வீதம் வாங்கி வாருங்கள். வீட்டார் அனைவரையும் அழைத்துச் சோதியுங்கள். உங்கள் கிணற்று நீருக்கும் உங்கள் நாவுக்கும் உகந்த தேயிலை எதுவென்பதை அன்றே அறிந்துகொள்வீர்கள்.