உஷார்! ‘இதை யாராலும் அசைக்க முடியாது’ என்று சொல்லி விற்கிறார்கள்

“மார்க்கெட்டே இவங்க கையிலதான் சார், போட்டிக்கு ஆளே கிடையாது.” டெக்னாலஜி பங்குகளை விற்க வருபவர்கள் முதலில் எடுத்துவிடுவது இதைத்தான். அதை நம்பிப் பணம் போடும் முன், கொல்கத்தாவில் ரைட்டர்ஸ் பில்டிங்குக்குப் பின்னால் இருக்கும் லயன்ஸ் ரேஞ்ச் தெருவின் கதையைக் கேளுங்கள்.

1908-ல் உருவான கல்கத்தா பங்குச் சந்தையின் கட்டடம் அங்கேதான் நிற்கிறது. தேயிலை, சணல், நிலக்கரி என்று கிழக்கிந்தியாவின் பணமெல்லாம் புழங்கிய இடம். பம்பாய்க்கு அடுத்த பெரிய சந்தை. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ பங்கு வர்த்தகத்தில் இறங்கியது. கூவி ஏலம் போடக் கூடமே இல்லை. தரகர் ஆபீஸ் மொட்டைமாடியில் ஒரு சாட்டிலைட் டிஷ், மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரே ஆண்டில் அது 1875 முதல் நடந்துவரும் பம்பாய்ப் பங்குச் சந்தையான பிஎஸ்இயையே முந்திவிட்டது. கல்கத்தாவும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1997-ல் சி-ஸ்டார் என்ற சொந்தத் திரை வர்த்தக முறையைக் கொண்டுவந்தது. கடைசியில் அதுவும் காப்பாற்றவில்லை. வாங்க ஆள் இருக்கும் இடத்துக்குத்தான் விற்பவர் போவார், விற்பவர் இருக்கும் இடத்துக்குத்தான் வாங்குபவர் வருவார். பெரிய சந்தையைக் காப்பாற்றுவதும் இதுதான். கூட்டம் இடம் மாறத் தொடங்கினால் காலி செய்வதும் இதுதான்.

இதில் என்னை அதிகம் பயமுறுத்துவது வேறு. போட்டி வந்த பிறகும் லயன்ஸ் ரேஞ்சில் பல ஆண்டுகள் வியாபாரம் அமோகமாக ஓடியது. காரணம் பத்லா: பங்கை வாங்கிவிட்டு, வட்டி கொடுத்து, பணம் கட்டுவதைத் தள்ளிப்போடும் வழக்கம். வர்த்தகக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். 2001 மார்ச்சில் தரகர் கேத்தன் பாரேக்கின் பங்கு மோசடி விவகாரம் வெடித்தது, பட்டுவாடா நின்றது, தரகர்கள் கைவிரித்தார்கள். அதே ஆண்டு பத்லாவுக்கும் தடை. அதன்பின் அந்தச் சந்தை எழவே இல்லை. 2013 ஏப்ரலில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அங்கே வர்த்தகத்தை நிறுத்தியது. நம்ம மெட்ராஸ் பங்குச் சந்தையும் 2015-ல் மூடப்பட்டது.

வென்ற என்எஸ்இயாவது நிம்மதியாக இருக்கிறதா? சந்தைக் குறியீடுகளை வைத்து நடக்கும் இண்டெக்ஸ் ஆப்ஷன்ஸ் வியாபாரம் ஏறக்குறைய முழுவதும் அதன் கையில் இருந்தது. 2023 மே மாதம் பிஎஸ்இ, சென்செக்ஸ் கான்ட்ராக்ட்டை லாட் அளவைக் குறைத்து, முடியும் நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி மறுபடி இறக்கியது. இரண்டே ஆண்டில் பிரீமியம் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிடுங்கிக்கொண்டது. 2024 நவம்பர் முதல் ஒரு சந்தைக்கு ஒரே வாராந்திர கான்ட்ராக்ட்தான் என்று செபி கட்டுப்படுத்தியதில், என்எஸ்இயின் பேங்க் நிஃப்டி வாராந்திரமும் போனது. பட்டியலுக்கு வரும் முன்பே என்எஸ்இ பங்கை வாங்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் விலை அனுப்பியவர்களில் எத்தனை பேர் இதையும் சேர்த்துச் சொன்னார்கள்?

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. போச்சம்பள்ளி அருகே ஆலை வைத்த ஓலா எலெக்ட்ரிக், 2024 தொடக்கத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் தனிக்காட்டு ராஜா. ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வந்த பங்கு அதே மாதம் 150-ஐத் தாண்டியது. பிறகு ஓசூர் டிவிஎஸ்ஸும் பஜாஜும் விற்பனையில் முந்தின. 2025-ல் பங்கு 50-க்கும் கீழே போனது. இங்கே முந்தியவர்கள் சின்னவர்கள்கூட இல்லை, ஸ்கூட்டர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

ஆகவே, ‘நம்பர் ஒன்’ கம்பெனி எதையும் வாங்கும் முன் சந்தைப் பங்கை மட்டும் பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் வேறு இடம் போக எவ்வளவு செலவு, எவ்வளவு சிரமம் என்று விசாரியுங்கள். லாபம் எந்த ஒரு பொருளிலிருந்து வருகிறது, அந்தப் பொருள் எந்த விதியை நம்பி நிற்கிறது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். வியாபாரம் கடனாலும் தள்ளுபடியாலும் ஊதிக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். பதில் கிடைக்கும் வரை செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அடுத்த காலாண்டு முடிவு வரும்போது போட்டிக் கம்பெனியின் அறிக்கையை முதலில் படியுங்கள்.