சுருண்டு கிடக்கும் திசைகளும் விரையும் பிரபஞ்சமும்

ஆகர்ஷண சக்தியின் இழுப்பினால் பிரபஞ்சத்தின் விரிவு காலம் செல்லச் செல்லத் தளர்ந்தே தீரும் என்று அறிஞர்கள் நம்பியிருந்த நாளில், வெகு தூரத்தில் வெடித்துச் சிதறும் ஒருவகை நட்சத்திரங்களின் ஒளியை அளந்துவந்த இரண்டு குழுவினர், அது எதிர்பார்த்ததினும் மங்கலாயிருக்கக் கண்டு, ஆகவே அவை எண்ணியதினும் தொலைவில் இருக்கின்றன என்று உணர்ந்து, விரிவு மேலும் மேலும் வேகம் கொள்கிறது என்று 1998-இல் அறிவித்தார்கள். அக்குழுக்களைச் சேர்ந்த பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் இதற்காக 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வேகத்துக்குக் காரணமாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல், பிரபஞ்சத்தின் மொத்த சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம். அதன் மூலம் எதுவென்று இன்றுவரை தெளிவாகவில்லை.

பொருள்கள் யாவும் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்று கூறும் இழைக் கொள்கையினர் அந்த மூலத்தை நம் கண்ணுக்கு எட்டாத திசைகளில் தேடுகிறார்கள். சுருட்டிச் சுவரில் சாத்திய பாய் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் கோலாகத் தோன்றுவதுபோல, நாம் அறிந்த நீளம், அகலம், உயரம், காலம் என்னும் நான்குக்கும் அப்பால் ஆறு பரிமாணங்கள் அணுவினும் சூட்சுமமாய்ச் சுருண்டிருக்கின்றன என்பது அவர்கள் சித்தாந்தம். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது: அச்சுருள்களின் அளவு மாறினால் நம் வெளியின் சக்தியும் மாறும், தடுப்பாரின்றி விட்டாலோ அவை விரிந்துகொண்டே போய்விடும். 2003-இல் கச்ரு, கல்லோஷ், லிண்டே ஆகியோரும் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்துத் திரிவேதியும் சேர்ந்து, காந்தப்புலம் போன்ற புலங்களாலும் குவாண்டம் விளைவுகளாலும் அச்சுருள்களை ஸ்திரப்படுத்தி, மேலும் சிறிது சக்தியை ஏற்றினால், எஞ்சும் சக்தியே விரிவை வேகப்படுத்தும் என்று கணித்துக் காட்டினார்கள். அழகிய யுக்தி, ஆயினும் அந்நிலை நிரந்தரமன்று. பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டுகள் அற்பமெனத் தோன்றும் அளவுக்கு நெடுங்காலம் சென்றபின், சுருள்கள் அவிழ்ந்துவிடும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

அதே ஆண்டில் டவுன்செண்ட், வோல்ஃபார்த் என்னும் இயற்பியலாளர்கள், சுருள்களைக் கட்டி நிறுத்தாமல் காலப்போக்கில் மாறவிட்டாலும் சிறிது காலம் வேகம் பிறக்கும் என்று காட்டினர். 2018-இல் வாஃபாவும் உடன் உழைத்தோரும், இழைக் கொள்கையில் ஸ்திரமான நேர்ச்சக்தி நிலைக்கே இடமில்லை போலும் என்றொரு அனுமானத்தை முன்வைத்தனர். அது மெய்யாயின், இருண்ட ஆற்றல் மெல்ல மாறிவர வேண்டும். மாறுகிறதா என்பதை வானத்தை அளந்தே அறியலாம். அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்து கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளக்கும் ஆராய்ச்சியில், இருண்ட ஆற்றல் தளர்கிறதோ என்ற ஐயத்துக்கு இடம் தரும் குறிப்புகள் 2024 முதல் வந்திருக்கின்றன. அவை இன்னும் நிச்சயமாகவில்லை; கூடுதல் பரிமாணங்களுக்கும் நேரடிச் சான்று ஏதும் இதுவரை கிடைத்ததில்லை.