எதைப் பூட்டி வைக்கணும்?

போன மாதம் வேர்க்கடலை மடித்த தாளைப் பிரித்தேன். யாரோ ஒருவருடைய கடன் விண்ணப்பம்! கையெழுத்து, வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருந்தது. பக்கென்றது. எங்க அப்பாவும் கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துவிடுவாரே!

அலுவலகத் தகவல்களை மூன்றாகப் பிரிக்கலாம். தேர்வு அட்டவணையை எல்லாரும் பார்க்கலாம். வருகைப் பதிவேடு அலுவலகத்துக்குள் மட்டும். மூன்றாவது, பூட்டி வைக்க வேண்டியவை: கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு, கைரேகை. இவற்றை மத்திய அரசின் 2011 விதிகளே தனியாகப் பட்டியலிட்டன. தனிநபர் தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-இல் இயற்றப்பட்ட சட்டம்.

நாளை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போவது நாம்தான். ஒவ்வொரு தாளையும் நம்ம அப்பா கொடுத்த ஜெராக்ஸா நினைச்சுப் பிரிப்போம்!