கூண்டுப் பறவையும் கிளிக்காய்ச்சலும்

ஜொகூர் மாநிலத்தில் பறவை வளர்த்தல் பலர்க்கும் உவப்பான பொழுதுபோக்கு. மெர்போக் எனப்படும் சிறு புறாவை அதன் குரலுக்காக வளர்ப்போர் உளர். கிளியை அதன் பேச்சுக்காக வளர்ப்போரும் உளர். இவ்விருவகைப் பறவைகளிடமிருந்தும் மனிதரைப் பற்றக்கூடிய நோயொன்று உண்டு. அதுவே கிளிக்காய்ச்சல்.

மேலைநாட்டார் இதனைச் ‘சிட்டகோசிஸ்’ என்பர். கிளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. ஆயினும் புறா, வாத்து, வான்கோழி ஆகியவற்றிடமும் இந்நோய் காணப்படுகிறது. இதனை உண்டாக்குவது ‘கிளமிடியா சிட்டாசி’ என்னும் பாக்டீரியா. 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகள் விற்பனைக்காகக் கப்பலேறிச் சென்றபோது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்நோய் பரவிப் பலர் மாண்டனர்.

கிருமியுள்ள பறவை சில வேளை நலமுடையது போலவே தோன்றும். நெருக்கமான கூண்டும் நெடும்பயணமும் அதனை வாட்டும்போது, எச்சத்தின் வழியே கிருமி மிகுதியாக வெளிப்படும். எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கிறது. அதனைச் சுவாசிப்பவரை நோய் பற்றுகிறது. ஆகவே, உலர்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்கலாகாது. நீர் தெளித்து நனைத்தபின் துடைத்தெடுத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

நோய் தொற்றிப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் ஆகியன தோன்றும். நுரையீரல் அழற்சியாக முற்றுவதும் உண்டு. தொடக்கத்தில் டாக்சிசைக்ளின் போன்ற மருந்தளித்தால் பெரும்பாலோர் குணமடைவர். ஆனால், சாதாரணச் சளிக்காய்ச்சல் போன்றே இருப்பதால் மருத்துவர் இதனை ஐயுறுவது அரிது. எனவே, காய்ச்சலுடன் மருத்துவரிடம் செல்லும் பறவை வளர்ப்போர், தம் வீட்டில் பறவை இருப்பதை மறவாது கூறுதல் வேண்டும்.